எழுத்தில்லாத கல்வெட்டு

“என் தம்பிக்கு எவ்வளவு கர்வம் பாருங்க சாமி” என்றார் அங்கமுத்து.

சாமியம்மா தூண்டில் முள்ளுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“வாசல் வரைக்கும் வர்றான் சாமி. செருப்பைக் கழட்டிட்டு நிக்கறான். உள்ள மட்டும் வர மாட்டேங்கறான். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்க்கறான், அப்படியே போயிடறான்.”

“நீங்க கூப்பிட்டீங்களாண்ணா?”

“கூடப் பொறந்தவனுக்கு எதுக்குங்க வெத்தலை பாக்கு? அவன் பொறந்த வீடு அது.”

அங்கமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமியம்மாவுக்கு நாற்பது இருந்தால் அதிகம். இருந்தும் அவர்தான் சிஷ்யன், அவள்தான் குரு. ஊட்டி மலையில், ஓடைக்கு மேலே அவள் குடில். சாமியார் மீன் பிடிக்கலாமா என்று கேட்டு வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மீன் வறுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒருத்தர்கூட வேண்டாமென்று சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை அவன் மகள் வீட்டுக்கு, திருப்பூருக்கே குடி போறான் சாமி. சாமான் கட்டியாச்சு. போயிட்டான்னா அப்புறம் எங்கள்ல ஒருத்தன் சாவுக்குத்தான் இன்னொருத்தன் வரணும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“சின்ன வயசுல இப்படி இல்லீங்க. நான் ஒண்ணு சொன்னா அவனுக்குக் கல்வெட்டு. குளத்துப் பக்கம் போகாதடான்னு ஒருக்காச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் நீச்சல் தெரியாது அவனுக்கு.”

சாமியம்மா முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

“கல்வெட்டுலதான் இருக்குது. போய்ப் பாருங்கண்ணா.”

“எந்தக் கல்வெட்டுங்க?”

“ரோட்டோரமாவே கீழ போங்க. நான் வெட்டுக்கிளி பிடிச்சுட்டு வர்றேன்.”

அவர் போனார்.

தேயிலைக்கு நடுவே ஒரு பாறை. எழுத்து இல்லை. மாரியம்மன் கோயில் பின்சுவர். அங்கும் இல்லை. வளைவில் பாசி பிடித்த கல் ஒன்று பாதி புதைந்து நின்றது. அங்கமுத்து மண்டியிட்டார். வீட்டுச் சாவியால் பாசியைச் சுரண்டினார். முதலில் ‘ஊ’ என்ற எழுத்து வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது மனுஷனுக்கு. கும்பிட்டுவிட்டு இன்னும் சுரண்டினார்.

ஊட்டி 14 கி.மீ.

சாமியம்மா தூண்டிலோடு வந்து சேர்ந்தபோது அவர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கப் பச்சை.

“என்னண்ணா பண்றீங்க?”

“பதினாலுன்னா என்னங்க அர்த்தம்?”

அவள் சிரித்த சிரிப்பில் பிடித்து வைத்த வெட்டுக்கிளி ஒன்று தப்பிப் போனது.

“ஏனுங்கண்ணா, நான் சொன்னது ரோட்டுக் கல்வெட்டு!”

ரோட்டுக்கு அடியில் ஓடை போவதற்குப் போடும் சிறு பாலத்தை இன்ஜினியர் கல்வர்ட்டு என்பார். எங்கள் பக்கத்து வாயில் அது கல்வெட்டு. அதில் ஒரு எழுத்தும் இருக்காது. இது அங்கமுத்துவுக்கும் தெரியும். ஆனால் குரு வாயிலிருந்து வந்தால் எல்லாமே பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

இருவரும் வளைவு தாண்டிக் கல்வெட்டுக்குப் போனார்கள். ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய். அதன் வாயிலிருந்து தண்ணீர் இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு மடு.

அங்கமுத்து மேலே நின்று எட்டிப் பார்த்தார்.

“நிழலை எடுங்கண்ணா. மீன் ஓடிரும்.”

கீழே இறங்கிப் புதரோரம் குந்தினார்கள். சாமியம்மா வெட்டுக்கிளியை முள்ளில் கோத்துத் தூண்டிலை அவர் கையில் கொடுத்தாள். அவர் வீசினார். வெட்டுக்கிளி நுரையில் சுற்றிச் சுற்றி வந்தது.

மடுவில் ஒரு டிரவுட் நின்றது. நல்ல மீன், முழங்கை நீளம் இருக்கும். விழும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. வெட்டுக்கிளி அதன் மூக்கை உரசிப் போனது. திரும்பவில்லை.

“கண்ணு தெரியாதுங்களா இதுக்கு?”

“தெரியும். பசி இல்ல.”

“பின்ன எதுக்கு இங்க நிக்குது? மேல போக வேண்டியதுதானே. இதுக்கும் கர்வமாட்ட இருக்குது.”

சாமியம்மா குழாயின் வாயைக் கைகாட்டினாள்.

மீன் துள்ளியது. குழாயின் விளிம்பில் மோதியது. டொப் என்று சத்தம் கேட்டது. மடுவில் விழுந்து, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது.

“அடடா” என்றார் அங்கமுத்து.

மறுபடி துள்ளியது. மறுபடி டொப்.

“அது பொறந்த இடம் மேல இருக்குதுண்ணா. முட்டையிட அங்கதான் போகணும்.”

“இவ்வளவு உசரத்துல எவன் குழாயைப் போட்டான்? அறிவு வேண்டாமா?”

“தண்ணி போறதுக்குப் போட்டாங்க. திரும்பி ஒண்ணு வரும்னு நினைக்கல.”

அங்கமுத்து தூண்டிலைச் சுருட்டிக் கீழே வைத்தார். மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூக்கில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

மேலே ஒரு லாரி போனது.

“எங்கப்பா செத்தன்னிக்கு” என்றார் அங்கமுத்து.

சாமியம்மா திரும்பவில்லை.

“தம்பி வர நேரமாயிருச்சுங்க. மலையில பஸ் கெட்டுப்போச்சாம். எடுத்து முடிச்சப்புறம்தான் வந்தான். எனக்கு ஆத்திரம். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அதெல்லாம் அன்னிக்கோட போச்சுன்னு இருந்தேன்.”

“என்ன பேசினீங்க?”

மீன் துள்ளியது. டொப்.

அங்கமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு சொன்னார்.

“இனிமே என் வாசப்படியை மிதிக்காதடான்னு சொன்னனுங்க.”

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அங்கமுத்து சட்டென்று எழுந்தார். ஈர வேட்டியை மடித்துக் கட்டினார்.

“சாமி, குடில்ல கடப்பாரை இருக்குதுங்களா?”

“கல்வெட்டுல கை வெச்சா ரோட்டுக்காரங்க சும்மா விட மாட்டாங்கண்ணா.”

“கல்வெட்டுக்கு இல்லீங்க” என்றார் அவர், மேட்டில் ஏறிக்கொண்டே. “எங்க வீட்டு வாசப்படிக்கு.”