மூன்று பேர் கேட்டு நின்ற பழி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் மல்லுக்கு நிற்கும் கதைகள் ஏராளம். இது ஒரு சாவுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். அவசரம் மட்டும் வேண்டாம். அவசரத்தால் வந்த வினை இந்தக் கதைக்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறது.

விருத்தாசலத்துக்குத் தெற்கே புதுச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தார்க் கலவையைப் பரப்பும் இயந்திரத்துக்குப் பேவர் என்று பெயர். கலவை தயாராகும் பிளாண்டிலிருந்து அதைச் சுடச்சுட ஏற்றிவரும் டிப்பர் லாரிகள் அதன் முன்னால் வரிசை கட்டி நிற்கும். முறை வந்த லாரி ரிவர்ஸில் வந்து, நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றுவிட வேண்டும். மிச்சத் தூரத்தைப் பேவர்தான் ஊர்ந்து வந்து கடக்கும். லாரி போய்ப் பேவரைத் தொடுவது கிடையாது. டிப்பர் ஓட்டுகிற எல்லாருக்கும் இது அத்துப்படி.

வரிசையில் நின்ற மாசிலாமணியின் லாரியில் காலையிலேயே ஒரு கோளாறு வந்திருந்தது. பிரேக்கை முதல் தடவை மிதித்தால் கால் சும்மா கீழே போகும். இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். முதலாளிக்குப் போன் போட்டான். "இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சிக்கடா" என்று சொல்லி வைத்துவிட்டார். சைட்டில் சொன்னால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; முதலாளி வேறு டிரைவரைத் தேடிக்கொள்வார். அதனால் மாசிலாமணி யாரிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்சம் முன்னாலேயே இரண்டு தடவை மிதித்து நிறுத்திச் சமாளித்தான். அவன் கையில் இருந்தவரை லாரி யாரையும் உரசக்கூட இல்லை.

மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு நடுங்கியது. வரிசையில் ஒருவன் தூங்கினால் அவனை எழுப்பாமல் பின்லாரிக்காரனே அவன் லாரியையும் எடுத்துக் கொடுப்பது டிப்பர்க்காரர்களின் பழக்கம். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். மாசிலாமணிக்குப் பின்னால் நின்றது இருதயராஜ். வயதில் மூத்தவன், நல்ல மனசுக்காரன்.

"முறை வந்ததும் எழுப்பிடுண்ணே. வண்டிய நீ எடுக்காத" என்றான் மாசிலாமணி.

"ஏன், நான் எடுத்தா உன் வண்டி கோச்சுக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எழுப்பிடு, அவ்ளோதான்."

"சரி, எழுப்பறேன். படு."

சாலையோரம் கிடந்த பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்து படுத்தவன் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சூட்டுக் கலவையில் மழை விழுந்தால் எல்லாம் பாழ். பேவரின் முன்னால் கலவை சிந்திக் கிடந்தது. லாரிகளுக்குக் கைகாட்டுகிற கொளஞ்சியை, அதை வாரிப் போடும்படி பேவர் ஓட்டும் தணிகைவேல் அனுப்பினார். கொளஞ்சி மண்வெட்டியோடு குனிந்திருப்பது உயரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு நன்றாகவே தெரிந்தது. லாரிதான் இடம் விட்டு நிற்குமே என்று அடுத்த லாரிக்கு ஹாரன் அடித்தார்.

அடுத்தது மாசிலாமணியின் லாரி. இருதயராஜ் எழுப்பத்தான் போனான். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. பாவம், தூங்கட்டும் என்று தானே ஏறி லாரியை எடுத்தான். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் பிரேக்கை மிதித்தான். கால் சும்மா போனது. பதறிப்போய் மறுபடி மிதித்ததும் லாரி நின்றது. அதற்குள் கொளஞ்சியைப் பேவரோடு வைத்து நசுக்கியிருந்தது.

அதே சைட்டில் ஜல்லி சுமக்கும் அஞ்சலை கொளஞ்சியின் மனைவி. அவள் அலறல்தான் மாசிலாமணியை எழுப்பியது. ஓடிவந்தவன் தன் லாரி நின்ற இடத்தைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து, "வண்டிய எடுத்தது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்றான் இருதயராஜ். "எழுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டு எழுப்பல. மிதிச்சதும் என் கால்தான்."

மாசிலாமணி எழுந்தான். "அண்ணன விட்டுடுங்க சார். மொத மிதிக்குப் பிரேக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல. என் பேர எழுதிக்குங்க."

தணிகைவேல் பேவரிலிருந்து இறங்கி வந்தார். "ஆளு உள்ள நிக்கறது தெரிஞ்சே ஹாரன் அடிச்சவன் நான் சார்."

"மூணு பேரும் சேர்ந்தாய்யா ஒரு வண்டிய ஓட்டுனீங்க?" என்று சப்-இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார்.

புருஷன் தலையை மடியில் வைத்திருந்த அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப ஆளாளுக்கு வாயத் தொறக்கறீங்களே. இதுல ஒரு வாயி கொஞ்சம் முன்னால தொறந்திருந்தா எங்க வூட்டுக்காரரு உசுரோட இருந்திருப்பாரே."

மூன்று பேரும் சொன்னது உண்மைதான். வாக்கை மீறியவன் ஒருவன், உண்மையை மறைத்தவன் ஒருவன், ஆள் இருப்பது தெரிந்தும் அவசரப்பட்டவர் ஒருவர். சொல்லுங்கள், இதில் கொளஞ்சியின் சாவுக்குப் பழி யாருடையது?

விடை: ஸ்டியரிங்கைப் பிடித்தவன் என்பதால் போலீஸ் இருதயராஜைத்தான் ஜீப்பில் ஏற்றியது. ஆனால் பழி மாசிலாமணியுடையது. இந்த லாரியும் மற்ற லாரிகளைப் போல நிற்கும் என்று தணிகைவேல் நம்பினார். இருதயராஜும் அப்படியே நம்பினான். அது நிற்காது என்று தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டபோதுகூட அவன் ஒன்றுமில்லை என்றான். இதை அவனும் ஒப்புக்கொண்டான். சில நாள் கழித்துச் சைட்டுக்குப் போனபோது அதே முதலாளியின் வேறொரு லாரி வரிசையில் நின்றது. புது டிரைவரிடம், "பிரேக்கு எப்படிண்ணே?" என்று கேட்டான். "கொஞ்சம் மக்கர்தான். சமாளிச்சிக்கச் சொல்லியிருக்காரு. சைட்ல சொல்லிடாத தம்பி" என்றான் அவன். மாசிலாமணி அதைத் தணிகைவேலிடம் சொல்ல நேரே பேவரை நோக்கி நடந்தான்.