‘ஓடு’ என்று சொன்ன இருவர்

நாவல் மரங்கள் சூழ்ந்த ஒரு குளத்தங்கரையில் காட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. ஆண் குட்டிகள் மட்டும் அங்கே தங்கிப் படித்தார்கள். மழை தொடங்கும்போது தாய்மார்கள் கொண்டுவந்து விடுவார்கள். மழை ஓய்ந்ததும் வந்து அழைத்துப்போவார்கள்.

தலைமை ஆசிரியர் ஒரு கிழக் காட்டெருமை. அவருக்குக் கீழே இரண்டு வாத்தியார்கள். ஒருவர் ஆமை, பெயர் நெடுங்கல்லார். மற்றவர் சருகுமான், பெயர் விரைவேலர். ஆபத்து வந்தால் எப்படிப் பிழைப்பது என்பதுதான் இருவரும் நடத்திய பாடம்.

அந்தக் காட்டில் ஆபத்துக்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு: “ஓடு!”

விரைவேலர் வகுப்பில் அந்தச் சொல் கேட்டால் கால் கிளம்ப வேண்டும்; பக்கத்து வளைக்குள் பாய வேண்டும். நெடுங்கல்லார் வகுப்பில் ஓடு என்றால் முதுகின்மேல் இருக்கும் ஓடு. கேட்டதும் அதற்குள் அடங்க வேண்டும். முயல் குட்டிகள் விரைவேலரிடமும் ஆமைக் குட்டிகள் நெடுங்கல்லாரிடமும் படித்தவரையில் ஒரு குழப்பமும் வரவில்லை.

அந்த வருடம் காட்டெருமை சொன்னார்: “எனக்குக் கண் மங்கிவிட்டது. மழை ஓய்ந்ததும் நான் போய்விடுவேன். யாரிடம் பிள்ளைகள் அதிகமோ, அவரே அடுத்த தலைமை ஆசிரியர்.”

எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வகுப்பும் சரிசமம். மிச்சம் ஒரே ஒரு பிள்ளை. எறும்புத்தின்னிக் குட்டி, பெயர் சுருளி. அவனுக்கு ஓடக் காலும் இருந்தது. மேலெல்லாம் கெட்டியான செதிலும் இருந்தது. அதனால் இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்தான். இரண்டு வாத்தியார்களையும் அவனுக்குப் பிடித்திருந்தது.

“ஓட்டைச் சுமக்கிறவருக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன ஐயா தெரியும்?” என்றார் சருகுமான், பிள்ளைகள் காதில் விழும்படி.

“காலை நம்பிப் போனவர்களின் எலும்பு காடெல்லாம் கிடக்கிறது ஓய்! போய்ப் பொறுக்கிக்கொண்டு வாரும்!” என்றார் ஆமை.

முயல் குட்டிகள் சிரித்தார்கள். பிறகு ஆமைக் குட்டிகள் சிரித்தார்கள். சுருளி மட்டும் சிரிக்கவில்லை.

பயிற்சி வேளையில் ஆமை “ஓடு!” என்பார். சுருளி நாலு அடி ஓடிவிடுவான். “யாரிடம் கற்றாய் இதை?” என்று அவனைக் கரைச் சேற்றில் முட்டி போட வைப்பார். சருகுமான் “ஓடு!” என்பார். சுருளி பந்தாகச் சுருண்டுவிடுவான். “அந்தக் கல்லின் சீடனா நீ?” என்று அவரும் அதே சேற்றில் முட்டி போட வைப்பார்.

ஒருநாள் சுருளி தயங்கித் தயங்கி ஆமையிடம் போனான். “ஐயா, நீங்கள் மட்டும் ‘அடங்கு’ என்று சொன்னால் எனக்குப் புரிந்துவிடும்.”

“நான் ஏன் மாற்ற வேண்டும்? அவர் மாற்றட்டும்!”

சருகுமானிடம் போனான். “ஐயா, நீங்கள் ‘பாய்’ என்று சொல்லலாமே?”

“என் பாட்டன் காலத்துச் சொல் அது! அவரை மாற்றச் சொல்!”

காட்டெருமையிடம் போனான். அவர் அசைபோட்டபடி, “இருவரும் பெரியவர்கள். நாம் என்ன சொல்வது?” என்றார்.

அன்றிலிருந்து சுருளி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். சொல் காதில் விழுந்ததும் பின்னங்காலில் எழுந்து நிற்பான். யார் சொன்னார் என்று பார்ப்பான். பிறகுதான் செய்வான். சேற்றில் முட்டி போடுவது குறைந்தது. “தேறிவிட்டான்!” என்று இருவரும் தனித்தனியே மகிழ்ந்தார்கள்.

மழை ஓயும் காலம் வந்தது. ஒரு மாலை, பிள்ளைகள் குளத்தில் நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோரைப்புல் அசைந்தது. செந்நாய் ஒன்று வெளியே வந்தது.

“ஓடு!” என்று அலறினார் ஆமை.

“ஓடு!” என்று அலறினார் சருகுமான்.

இரண்டு குரலும் ஒரே கணத்தில் எழுந்தன. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. ஆமைகள் ஓட்டுக்குள் அடங்கின. சுருளி பின்னங்காலில் எழுந்து நின்றான். ஆமையைப் பார்த்தான். சருகுமானைப் பார்த்தான். மறுபடியும் ஆமையைப் பார்த்தான். வளை பக்கத்திலேயே இருந்தது. செதில் முதுகிலேயே இருந்தது. செதில் இல்லாத அவனுடைய மெல்லிய வயிறு செந்நாய்க்கு நேராக இருந்தது.

மறுநாள் காலை காட்டெருமை வழக்கம்போலப் பெயர் அழைத்தார். “உள்ளேன் ஐயா!” என்று குட்டிகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். “சுருளி!” என்றார். பழக்கத்தில் வந்துவிட்ட பெயர். மங்கிய கண்ணால் குளத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வெகுநேரம் காத்திருந்தார். அடுத்த பெயரை அவர் அழைக்கவே இல்லை.

மழை ஓய்ந்தது. தாய்மார்கள் வந்தார்கள். சுருளியின் தாயும் வந்தாள். வாத்தியார்கள் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார்கள்.

அவள் அழவில்லை. “ஆபத்து என்று பிள்ளைக்குச் சொன்னீர்களா?” என்று கேட்டாள்.

“சொன்னோம் அம்மா. ‘ஓடு’ என்றோம்.”

“இருவருமா?”

“இருவரும்தான்.”

“ஒரே சொல்தானே? பிறகு ஏன் என் பிள்ளை நின்றான்?”

ஆமை தொண்டையைச் செருமினார். “நான் சொன்ன பொருள் வேறு அம்மா…”

“இல்லை, சரியான பொருள் என்னவென்றால்…” என்று குறுக்கே வந்தார் சருகுமான்.

தாய் அதைக் கேட்க நிற்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனாள். அவள் முதுகுச் செதில்கள் உரசும் சத்தம் நாவல் மரங்களுக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

அடுத்த மழைக்கு எந்தத் தாயும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. காட்டெருமை போய்விட்டார். இரண்டு வாத்தியார்களும் குளத்தின் இரு கரையில் தனித்தனியே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வகுப்பும் இப்போதும் சரிசமமாகத்தான் இருந்தன. இரண்டிலும் யாரும் இல்லை.

கற்பிப்பவர்கள் தாங்கள் வெல்வதற்காகச் சண்டையிட்டால், தோற்றுப்போவது கற்க வந்த பிள்ளைதான்.