வியாழக்கிழமை வெள்ளைக் கோடு

விமானி ரெஜினா வியாழன்தோறும் சிங்கப்பூரிலிருந்து வளைகுடாவுக்குப் பறப்பாள். வழியில், பொழுது சாயும் நேரத்தில், திண்டுக்கல் வரும். அங்கே அவள் கணவன் சவரிராஜ் இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். விமானம் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால்தான் அன்று அவனுக்குச் சோறு இறங்கும்.

"கோடு தெரிஞ்சா நீ பத்திரமா இருக்கேன்னு அர்த்தம். மறக்காம போட்டுட்டுப் போ, ரெஜி."

வாசலில் கோலம் போடச் சொல்வதுபோலச் சொன்னான். அவளும் சரியென்று வாக்குக் கொடுத்தாள். இருவருமே படித்தவர்கள்தாம், பாசத்துக்கு முன்னால் படிப்பு எங்கே நிற்கிறது?

ஒரு வியாழன், கம்பெனியின் வானிலைப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. திண்டுக்கல்லுக்கு மேலே முப்பத்தாறாயிரம் அடியில் கடுங்குளிர், ஈரமும் அதிகம். எஞ்சின் புகைக்கரியில் நீராவி உறைந்து உண்டாகும் கோடு இன்று கலையாது. மேகமாய்ப் பரந்து விடியும்வரை நிற்கும். இரண்டாயிரம் அடி இறங்கினால் கோடே விழாது. முடிவு விமானியுடையது.

துணை விமானி இளங்கீரன் தயங்கினான். "கீழ போனா எரிபொருள் கொஞ்சம் கூடும் மேடம். ரெண்டுமே பூமியைச் சூடாக்கும்தான், ஆனா அதுல வர்ற கரியமில வாயு நூறு வருஷத்துக்கு மேல நிக்கும். கோடு காலையில போயிடும். எதுக்கு இறங்கணும்?"

ரெஜினாவுக்குக் கணவன் முகம் நினைவில் வந்தது. ஆனாலும் தரைக் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி கேட்டு இரண்டாயிரம் அடி இறங்கினாள்.

திண்டுக்கல்லில் வானம் வெறுமையாய் இருந்தது. சவரிராஜ் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் தரையிறங்கி போனைத் திறந்தபோது அவனிடமிருந்து முப்பத்தொரு அழைப்புகள். உடனே திரும்பக் கூப்பிட்டாள். "வாக்குக் கொடுத்தியேடி!" என்று விம்மினான்.

வாக்கைக் கேட்ட கணவன், கணக்குச் சொன்ன இளங்கீரன், இறங்கிய ரெஜினா. இவர்களில் யார் பக்கம் நியாயம்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: ரெஜினா பக்கம். பகலில் விழும் கோடு வெப்பத்தைப் பிடித்து வைத்தாலும், வெயிலைக் கொஞ்சம் திருப்பியும் அனுப்பும். அந்தியில் விழுந்தால் திருப்ப வெயில் ஏது? பூமியின் சூட்டை இரவு முழுக்கப் போர்வையாய்ப் பிடித்து வைக்கும். கூடுதலாய் எரிந்த கொஞ்ச எண்ணெயைவிட அன்று அதுவே பெரிய கேடு. இளங்கீரன் சொன்னது பொய்யல்ல; நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். ரெஜினாவின் தவறு ஒன்றுதான்: காற்றின் கையில் இருப்பதைத் தன் வாக்காகக் கொடுத்தாள். அதை அவளே சொல்லி அழுதபோது சவரிராஜ், "கோடெல்லாம் வேணாம். இறங்குனதும் ஒரு வார்த்தை பேசு, போதும்" என்றான்.