பூங்கோதைக்கு எடுத்துவைத்த சோளம்

கருங்காட்டுவலசில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. என்ன, அவர்கள் எல்லாரும் மாரப்பன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். மாரப்பன், அவனுக்கு இளையவன் ரங்கசாமி, கடைசித் தம்பி நாச்சிமுத்து மூவருக்கும் இன்னும் பெண் அமையவில்லை. ஒரே தங்கை பூங்கோதையைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

மார்கழியில் அவளிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு ஐந்தாம் மாதம். நம் காட்டில் விளைகிற மக்காச்சோளம் வேண்டும் என்று நாக்கு கேட்கிறதாம். மாசியில் வளைகாப்பு முடிந்து வரும்போது காட்டில் சோளம் இருக்காதே என்று, அதைக் கெடாமல் வைக்கும் வழியையும் அவளே சொன்னாள்.

"சோளக் கருதைத் தோலு உரிச்சு, கொதிக்கிற தண்ணியில மூணு நிமிஷம் போடுங்ணா. எடுத்ததும் ஐஸ் தண்ணியில போட்டு ஆறவையுங்க. பொறவு பையில போட்டு, காத்தே இல்லாமக் கட்டி, ஃப்ரீசர்ல வெச்சுருங்க."

கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அண்ணன்களிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மிணி சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று தம்பிகளைக் கண்டிப்பாக எச்சரித்தான்.

நாற்பது கருது ஒடித்து வந்து உரித்தார்கள். அண்டாவில் தண்ணீர் கொதித்ததும் ரங்கசாமிக்குச் சந்தேகம் வந்தது.

"மூணு நிமிஷம்னாளே, அது ஒரு கருதுக்குங்களா, எல்லாத்துக்குமுங்களா?"

மாரப்பன் அவசரப்படவில்லை. "ஒரு ஆளு குளிக்க எவ்வளவு நேரமாகும்?"

"கால்மணி நேரமுங்ணா."

"நாலு ஆளு குளிக்க?"

"ஒரு மணி நேரமுங்."

"அப்பறம் என்ன?"

நாற்பது கருதும் இரண்டு மணி நேரம் கொதித்தன. நாச்சிமுத்து கரண்டியை விட்டதும் மணிகள் தாமாகவே கழன்று மிதந்தன. உதிர்க்கும் வேலை மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அதற்குள் ரங்கசாமி சைக்கிளில் போய் ஒரு பெரிய ஐஸ் கட்டி வாங்கி வந்திருந்தான். அதைச் சோளத்தில் போடப்போன கையை மாரப்பன் பிடித்துக்கொண்டான்.

"மாசமா இருக்கிறவளுக்குக் காய்ச்சாத தண்ணி ஆகுமாடா? மொதல்ல ஐஸைக் கொதிக்க வை."

கொதிக்கவைத்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் ஐஸைக் காணோம். அண்டாவுக்கு அடியிலும் தேடினார்கள். நாய் அன்று முழுக்கக் கட்டியே கிடந்ததால் அதைச் சந்தேகப்பட வழியில்லை. கடைசியில் நாச்சிமுத்துதான் விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

"சூடு தாங்காத ஐஸா பாத்துக் குடுத்து ஐஸ்காரன் ஏமாத்திப்போட்டானுங்ணா."

ஆனாலும் ஐஸ் இருந்த தண்ணீர் அல்லவா? சோளத்தை அந்த வெந்நீரிலேயே போட்டு ஆறவைத்தார்கள்.

காற்றுதான் படாதபாடு படுத்தியது. பையை எப்படிக் கட்டினாலும் உப்பிக்கொண்டு நின்றது. மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டினார்கள். அப்போதும் உப்பியது.

"காத்து இல்லாத எடம்னு ஒண்ணு இருக்குதுங்களாண்ணா?" என்றான் ரங்கசாமி, மூச்சு வாங்கியபடி.

"ஏன் இல்லாம? தண்ணிக்குள்ள முழுகுனா மூச்சு முட்டுதல்ல? அங்க காத்து கெடையாது."

அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை. பையில் கழுத்துவரை தண்ணீரை ஊற்றிக் கட்டியதும் காற்று ஒழிந்தது. மூன்று பேரும் சேர்ந்து அமுக்கி அதை ஃப்ரீசருக்குள் திணித்தார்கள்.

கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு லேசாக ஆடியது. பாவம், குளிரில் நடுங்குகிறது என்று மாரப்பனுக்குத் தாங்கவில்லை. தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு, மார்கழி முழுக்க அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தான்.

மாசியில் பூங்கோதை கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகக் கம்பளியை விலக்கி ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஐஸ் பாறை. அதன் நடுவில், எட்டாத தூரத்தில், மஞ்சளாகச் சோளம் தெரிந்தது. கரண்டியால் குத்தினாள். கரண்டி வளைந்தது.

"நீ சொன்னாப்புலயே ஒண்ணு விடாமப் பண்ணியிருக்குது, அம்மிணி" என்றான் மாரப்பன் பெருமையாக.

அண்ணன்களைப் பற்றி அவளுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. "சரிங்ணா, இதை வாசல்ல வெயில்ல வையுங்க. நான் சித்த படுத்து எந்திரிக்கிறேன். பக்கத்துலயே இருந்து பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

மூவரும் வாசலில் குந்தி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல தூக்கம் தூங்கி எழுந்து பூங்கோதை வெளியே வந்தபோது வாசல் ஈரமாக இருந்தது. சோளத்தைக் காணோம். அண்ணன்கள் மூவரும் முகம் வெளிறி நின்றார்கள்.

"சோளம் எங்கீங்ணா?"

"நல்லவேளை அம்மிணி, நாங்க பக்கத்துலயே இருந்தோம்" என்றான் மாரப்பன், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி. "நீ கண்ணசந்த நேரத்துல பாதிக்கு மேல உருகிப்போச்சு. கொறஞ்சதுக்குத் தண்ணி ஊத்தி நெரப்பி, ஃப்ரீசர்லயே வெச்சு, கம்பளியும் போத்தியாச்சு. விடியறதுக்குள்ள பழையபடி ஆயிரும். நீ ஒண்ணும் பயப்படாதே."