சங்கரபாகம் பூட்ஸ் விற்றுவிட்டு வந்த விதம்

எங்கள் கொறட்டிகுளத்து ஆட்களை மடையன்கள் என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். பொறாமை பிடித்தவன் வாயை ஊசி நூல் வைத்தா தைக்க முடியும்? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்கள்.

சங்கரபாகத்திடம் ஒரு பைக் உண்டு. லடாக் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று, முழங்காலைத் தொடுகிற கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினான். தொலைதூரம் பைக்கில் போகிறவர்கள் போடுகிற ரகம். கயத்தாறு வரை போனான். வெயில் சுட்டது, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். வாங்கின பொருளை வீணாக்கக் கூடாது என்று அதற்கப்புறம் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டு நடந்தான். தடக் தடக் என்ற சத்தத்தைக் கேட்டு பால்காரர் போலீஸ் என்று பயந்து, பால் ஊற்றாமலே ஓடிவிட்டார்.

அன்றைக்கு அவன் பெண்டாட்டி பிரமு பையைத் தூக்கினாள். "அந்தச் சனியன் இந்த வாசலைத் தாண்டினாத்தான் நான் இந்த வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சங்கரபாகத்துக்குச் சோறு இறங்கவில்லை. பிரமு இல்லாத வீடு அவனுக்கு வீடாகவே தெரியவில்லை. பாவம், அழுதுவிட்டான். அவனுடைய சேக்காளிகள் நயினாரும் சொள்ளமுத்துவும் ஓடி வந்தார்கள். நயினார் எட்டாவது வரை படித்தவன், அதனால் யோசிக்கிற வேலை எல்லாம் அவனுடையது.

"மதினி என்ன சொன்னா? வாசலைத் தாண்டணும்னுதானே சொன்னா?" என்றான் நயினார்.

சொள்ளமுத்து பூட்ஸை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தான். மூன்று பேரும் போய் பிரமுவைக் கூப்பிட்டார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவங்களா! வித்துத் தொலைங்கன்னு சொன்னேன்!"

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று நயினார் வருத்தப்பட்டான்.

போட்டோ எடுத்து, 'லேசாகப் பயன்படுத்திய பூட்ஸ்' என்று போனில் விளம்பரம் போட்டார்கள். முதலில் கோவில்பட்டிக்காரர் ஒருத்தர் பேசினார். "தண்ணி இறங்காதுல்லா? நல்லா சோதிச்சு வைங்க, நேர்ல வந்து பாக்கேன்" என்றார்.

சோதிக்கச் சொன்னால் சோதிக்க வேண்டியதுதானே. இரண்டு பூட்ஸிலும் கழுத்து வரை தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கோவில்பட்டிக்காரர் வந்தார், ஆசையாகக் காலை உள்ளே விட்டார். விட்டவர் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்து நின்றன. நனைந்த பேன்டோடு வந்த வழியே போய்விட்டார்.

"மனுசன் ஏன் கோவிச்சுக்கிட்டாரு?" என்றான் சொள்ளமுத்து.

"பொருள்ல குத்தமில்ல. தண்ணி மேல் வழியாத்தான் வந்துச்சு" என்றான் நயினார்.

பூட்ஸைக் காயவைக்கும்போதுதான் நயினார் இன்னொன்றைக் கவனித்தான். இடது பூட்ஸின் நுனியில் கியர் மாற்றி மாற்றி ஒரு தேய்மானம் விழுந்திருந்தது. வலது பூட்ஸ் பளபளவென்று இருந்தது.

"ஏலே, நாம பொய்யில்லா சொல்லியிருக்கோம்! லேசாப் பயன்படுத்தினது இடதுதான். வலது புதுசுலே."

"வாங்குறவன் வயிறெரிஞ்சா பிரமுவுக்கு ஆகுமாலே?" என்று சங்கரபாகம் பதறினான்.

வலது பூட்ஸிலும் அதே தேய்மானம் விழ வேண்டும். ஆனால் கியர் இருப்பது இடது பக்கம். மூவரும் வெகுநேரம் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நயினாருக்குப் பளிச்சென்று பட்டது. ஒருத்தன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அவனுடைய வலது கால் கியர் பக்கம் வந்துவிடுமே!

சங்கரபாகம் ஹேண்டிலைப் பிடித்தான். அவன் முதுகோடு முதுகு ஒட்டி, பூட்ஸ் மாட்டிய சொள்ளமுத்து பின்னால் பார்த்து உட்கார்ந்தான். சங்கரபாகம் கிளட்சைப் பிடிக்கிறபோதெல்லாம் இவன் கியரை மிதித்தான். தெருமுனை வரை நன்றாகத்தான் போனார்கள்.

"எதிர்ல ஏதும் வருதாலே?" என்று கத்தினான் சங்கரபாகம். அவன் கண்ணைக் கியரிலிருந்து எடுக்கவே இல்லை.

"எதுவும் வரல, எல்லாம் தூரமாத்தான் போகுது!" என்றான் சொள்ளமுத்து.

நேராகப் போய் எருக்குழியில் விழுந்தார்கள். சாணியைக் கழுவிப் பார்த்தால் வலது பூட்ஸிலும் அச்சு அசலாக அதே தேய்மானம். மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து திருமங்கலத்திலிருந்து ஜெயசீலன் என்பவர் கூப்பிட்டார். ஊர் ஊராக பைக்கில் சுற்றுகிற மனிதர். "அழுக்குப் படாமக் கொண்டு வாங்க, உடனே எடுத்துக்கிறேன்" என்றார். பூட்ஸைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். சங்கரபாகம் ரப்பர் செருப்போடு ஓட்டினான்.

ஜெயசீலன் போட்டுப் பார்த்தார், நடந்து பார்த்தார், கேட்ட பணத்தைக் கொடுத்தார். நல்ல மனுஷன், காப்பியும் கொடுத்தார். வாசல்வரை வந்தவர் சங்கரபாகத்தின் செருப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு தூரம் பூட்ஸ் இல்லாம வண்டி ஓட்டாதீங்க, ஆபத்து" என்றார்.

மூன்று பேரும் பைக் பக்கத்தில் நின்று யோசித்தார்கள்.

"வரும்போது பூட்ஸ் இல்லாமலேயா வந்தோம்? குலசாமிதான் காப்பாத்தியிருக்கு" என்றான் சொள்ளமுத்து.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா பிரமு என்னலே செய்வா?" என்றான் சங்கரபாகம்.

"இங்க பூட்ஸ் யார்ட்ட இருக்கும்?" என்று நயினார் நாலா பக்கமும் பார்த்தான். பிறகு ஜெயசீலனின் காலைப் பார்த்தான்.

அவர் முதலில் தர மாட்டேன் என்றார். அப்புறம் சிரித்தார். அப்புறம், போய்த் தொலையட்டும் என்று கழற்ற ஆரம்பித்தார். விற்ற பணத்தை அப்படியே நீட்டினார்கள். நயினார் தன் பையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்து வைத்தான். லாபம் இல்லாமல் எந்த மனுஷன் விற்பான், நாலும் தெரிந்தவன் நயினார்.

ஊர் திரும்பியபோது, விற்கப் போன சேதி கேட்டு பிரமு பையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சங்கரபாகம் தடக் தடக் என்று நடந்து போய் அவள் எதிரே நின்றான்.

"வித்தாச்சா?" என்றாள்.

"வித்தாச்சு மதினி. சொன்ன விலைக்கே" என்றான் நயினார்.

"அப்ப கால்ல என்னது?"

"இது திருமங்கலத்துல ஒரு பெரிய மனுசர்ட்ட வாங்கினது."

பிரமு குனிந்து பூட்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விரலால் தட்டினாள். மோந்தும் பார்த்தாள். அவளும் எங்கள் ஊரில் பிறந்தவள்தானே.

"இதைப் போட்டுக்கிட்டு நீங்க எவ்வளவு வேணும்னாலும் நடங்க" என்று பையை உள்ளே வைத்தாள். "இதைப் பாருங்க, என்ன லட்சணமா இருக்கு! அந்தப் பழைய சனியனை வித்தது நல்லதாப் போச்சு."