கயிறு பிடிக்கிற கை

"நீங்க குடுத்த அபராதம் பத்தல சாமி" என்றார் தொம்மை.

சின்னப்பன் சாமியார் கோயில் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பரிகாரமாக அபராத ஜெபம் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னேன். சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவ்வளவுதான். முடிஞ்சது."

"முடியலயே சாமி."

தொம்மைக்கு அறுபது வயதிருக்கும். சாமியாருக்கு அவர் மகன் வயது. சாமியார் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் தொம்மை ஒரே பாவத்தை எத்தனை முறை சொல்லி மன்னிப்பு வாங்கியிருப்பார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். முந்தின சாமியாரிடமும் சொன்னார். அவருக்கு முந்தினவரிடமும் சொன்னார். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வந்த சாமியார்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

பாவம் ஊரறிந்ததுதான்.

அந்தக் கடற்கரையில் சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். மறுமுனையைப் படகில் ஒருவர் கையில் பிடித்திருப்பார். அதற்குக் கூலி ஆள் வைப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியறுப்பதைப் பார்க்க எந்த அண்ணனுக்கு மனசு வரும் என்று யாரோ புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. கீழே இருப்பவன் தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவனின் உள்ளங்கைக்குத் தெரியும். அதனால் கயிற்றைப் படகில் கட்டக்கூடாது.

தொம்மை கட்டினார்.

தங்கச்சி பிலோமியின் புருஷன் கீழே இருந்தான். பக்கத்துப் படகில் வலம்புரிச் சங்கு கிடைத்துவிட்டது என்று ஒரே கூச்சல். ஆயுசுக்கும் கண்ணில் படாத சங்கு அது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தொம்மையும் கயிற்றைப் படகுக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். மச்சானின் கால் பழைய வலையில் மாட்டியிருந்தது. எத்தனை தரம் சுண்டினானோ. கட்டைக்கு என்ன தெரியும்?

கிடைத்தது வலம்புரியும் இல்லை.

"இன்னைக்கு என்ன புதுசா?" என்று கேட்டார் சாமியார்.

"பிலோமி வந்தா."

"சரி."

"மச்சான் போன பொறவு எங்க வாசப்படிய மிதிக்காதவ சாமி. இன்னைக்கு வந்து நிக்கா." தொம்மை தோள்துண்டைக் கையில் எடுத்தார். "அவ மருமவன் நாளைக்கு மொத மொதல்ல குளிக்கப் போறானாம். நீதான் கயிறு பிடிக்கணும்ங்கா."

பிலோமிக்கு ஒரே மகள். அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்படியென்றால் அந்த உரிமை தாய்மாமனுக்கு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாட்டேன்னுட்டேன். கயிறே தொடமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன்லா."

"அவங்க?"

"போய்ட்டா. பொறவு அந்த மருமவன் டெரன்ஸ் வந்தான். மாமா வரலன்னா போவட்டும், நான் படகுக் கட்டையில கட்டிட்டு எறங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போறான். சிரிச்சிக்கிட்டே சொல்லுதான் சாமி."

சொல்லும்போதே தொம்மைக்கு வேர்த்து ஊற்றியது. துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

"அதான் ஓடியாந்தேன். பெருசா ஏதாவது குடுங்க. முட்டங்காலாலயே கோயிலச் சுத்தி வாரேன். தவசுகாலம் நாப்பது நாளும் ஒரு வேளைச் சோறு போதும். என்ன சொன்னாலும் செய்யுதேன். இந்த நடுக்கம் மட்டும் என்னைய விட்டுப் போயிரட்டும். போச்சுன்னா நாளைக்கு அவனுக்குக் கயிறு பிடிப்பேன்."

"மன்னிப்புக் கிடைச்சு வருஷக்கணக்காச்சு தொம்மையாரே."

"அது தெரியும்."

"தெரியுமா?"

"மண்டைக்குத் தெரியுது. கைக்குத் தெரியலயே."

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நடுங்கின.

சாமியார் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"கயிறு தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே, அதை யார் கேட்டாங்க?"

"யாரு கேட்டாவன்னா?"

"ஆண்டவர் கேட்டாரா?"

"இல்ல."

"பிலோமி?"

"அவ பிடிக்கச் சொல்லுதா."

"செத்தவர்?"

தொம்மை இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப யாருக்காக அதைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க?"

தொம்மைக்குக் கோபம் வந்தது.

"நீங்க மலையடிவாரத்துக்காரரு சாமி. உங்களுக்குக் கயிறும் தெரியாது, கடலும் தெரியாது. பேசுதது லேசு."

"ஆமா, தெரியாது" என்றார் சாமியார். "வாங்க."

கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு. சாமியார் வாளியை அவிழ்த்து வைத்தார். உருளையிலிருந்து கயிற்றை உருவினார். ஒரு முனையை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். படுகேவலமான முடிச்சு. தொம்மைக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சாமி செய்யுதீக?"

சாமியார் மறுமுனையைத் தொம்மையின் காலடியில் போட்டார். செருப்பைக் கழற்றினார். கிணற்றுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"சாமி, உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

அது ஊருக்கே தெரியும். முழங்கால் தண்ணீருக்கு மேல் கடலில் கால் வைக்காத மனுஷன் என்று மீன் விற்கிற பெண்கள்கூடக் கேலி செய்வார்கள். சாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆழம் எவ்வளவு?"

"ஆள் முங்கும். வேண்டாம் சாமி, இந்தப் பக்கம் வாங்க. நான் கயித்தத் தொடமாட்டேன். சொல்லிட்டேன். செத்தாலும் தொடவே..."

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு குதித்துவிட்டார்.

கயிறு தரையில் சரசரவென்று ஓடியது. தொம்மை சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. உருளை மாட்டிய தூணைப் பார்த்தார். கட்டிவிட்டு ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரலாம். அந்த நினைப்பு வந்ததுமே தூணுக்கு முதுகைக் காட்டினார். கயிற்றின் கடைசி முழம் சுவரைத் தாண்டப் போனது. குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கீழேயிருந்து இழுப்பு வந்தது. துடித்துத் துடித்து வந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"விட்டுருவேன் சாமி! விட்டுருவேன்!" என்று கத்தினார்.

கிணற்றுக்குள் தண்ணீர் அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

தொம்மை காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அழுதுகொண்டே இழுத்தார். மச்சானைக் கரையில் கிடத்திய அன்று ஊரே அழுதபோது இவருக்கு மட்டும் அழுகை வரவில்லை. இப்போது சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். இழுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியில் சாமியாரின் தலை தெரிந்தது. தோளைப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் புரட்டிப் போட்டார். சாமியார் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். அங்கியோடு மண்ணில் கிடந்து வெடவெடவென்று நடுங்கினார்.

"உமக்குக் கிறுக்காவே பிடிச்சிருக்கு? நான் விட்டிருந்தா?"

"செத்திருப்பேன்."

"தெரிஞ்சுதான் குதிச்சீரா?"

சாமியார் இருமினார். "நீங்க நிக்கிறீங்கன்னுதான் குதிச்சேன்."

தொம்மை தன் கைகளைப் பார்த்தார். கயிறு இன்னும் அவற்றில்தான் இருந்தது. தோல் உரிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. நடுக்கம் குறைந்த பாடில்லை.

"இது போவலயே சாமி" என்றார். "நாளைக்குப் படகுலயும் இப்படித்தான் நடுங்கும்."

"நடுங்கட்டும்" என்றார் சாமியார். "இழுங்க."