டீசல் மணக்கும் பரிவட்டம்

ஆவுடையப்பர் பக்கத்தில் வந்தால் திருநீறும் டீசலும் சேர்ந்து மணக்கும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. அணை கட்டியபோது குன்றைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது. உச்சிக் கோயிலில் தனித்துப்போன ஈசன் நீர்சூழ்ந்த நாதரிடம் பூவும் பாலும் பக்தர்களும் போய்ச்சேர ஒரே வழி, ஒரு கிழட்டு என்ஜின் படகு. அந்த என்ஜினைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கிடைத்த திருப்பணி.

விடியலில் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தங்கிய தண்ணீரை வடிப்பார். ஃபில்டரைக் கழுவுவார். கைப்பம்பை அழுத்திக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சிவசிவா. குமிழி நின்று டீசல் ஒரே சீராக வரும்போதுதான் நிமிர்வார். கோயிலுக்குள் அவர் அதிகம் போனதில்லை. எண்ணெய்க் கையோடு எப்படிப் போவது என்ற கூச்சம்.

மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய நாள், டீசல் ஊற்றும் புனலில் இருந்த கம்பி வலை கிழிந்தது. புதியது வாங்க டவுனுக்குப் போக வேண்டும். அவர் போகவில்லை. சுவாமிக்குச் சாத்திக் களைந்த பருத்தி வஸ்திரம் ஒன்றைக் குருக்கள் எப்போதோ பிரசாதமாகக் கொடுத்திருந்தார். உடுத்த மனம் வராமல் பெட்டியில் வைத்திருந்தார். ஈசன் மேனி பட்ட துணி. இதைவிடச் சுத்தமான வடிகட்டி எது? அதையே புனலில் விரித்து டீசலை ஊற்றினார்.

மறுநாள், படகு நிறையக் கூட்டம். நடு நீரில் என்ஜின் இருமியது. நின்றது.

காற்று படகை மதகுப் பக்கம் தள்ளியது. மதகு திறந்திருந்தது. ஆவுடையப்பர் கைப்பம்பை அழுத்தினார், அழுத்தினார். டீசல் வரவில்லை. மதகை ஒட்டிய கரைப் பாறையில் மோதவிருந்த நேரத்தில், படகில் இருந்த கோயில் ஓதுவார் சிவசைலம் எட்டிப் பாறையைப் பிடித்துத் தடுத்தார். படகு தப்பியது. பாறைக்கும் பலகைக்கும் நடுவே அவருடைய இடது கை நசுங்கியது.

"தங்கப்பழம் டீசல்ல தண்ணி கலந்துட்டான்." யாரோ ஒருவர் சொன்னார். மாலைக்குள் ஊரே சொன்னது. டீசல் கொடுத்த பங்க்காரர் தங்கப்பழத்தின் கண்ணாடிக் கதவு கல்லடி பட்டு நொறுங்கியது.

அதே நேரம் ஆவுடையப்பர் என்ஜின் கொட்டகையில் ஃபில்டரைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. வெள்ளை வெள்ளையாக நூல். நைந்த வஸ்திரத்தின் இழைகள் பஞ்சாகத் திரண்டு டீசலின் வழியை அடைத்திருந்தன.

அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. துணியை எரித்துவிட்டால் தீர்ந்தது. சொன்னாலோ, இந்த என்ஜின் கையைவிட்டுப் போய்விடும். அவருக்கும் ஈசனுக்கும் நடுவே இருந்தது அது ஒன்றுதான்.

துணியை எரிக்கக் கை வரவில்லை. துவைத்தார். நாற்றம் போகவில்லை.

படகுத்துறையில் ஊர் கூடியது. தங்கப்பழம் நடுவில் நின்றார். "எம் பிள்ளைங்க மேல சத்தியம். நான் கலக்கல." யாரும் நம்பவில்லை.

ஆவுடையப்பர் எழுந்து அந்தத் துணியைத் தரையில் விரித்தார். "தண்ணி இல்ல. நூலு. சாமி துணியில நாந்தான் டீசலை வடிகட்டினேன்."

ஒருவர் சிரித்தார். "இவரு வீட்டுல காப்பிய எதுல வே வடிகட்டுவாரு, வில்வத்துலயா?"

"பக்தி முத்திப்போச்சு, விடும்," என்றார் இன்னொருவர்.

"முழுசும் பக்தி இல்ல," என்றார் ஆவுடையப்பர். "வலை வாங்க டவுனுக்குப் போகச் சோம்பலும் இருந்துச்சு. அதுக்குச் சாமி பேரை வச்சுக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. இனி அவர் என்ஜினைத் தொடக் கூடாது என்று தீர்ப்பானது. தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். துணியை மடித்துக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு, நேராக ஓதுவார் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தார்.

ஓதுவார் கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "பாட்டுக்குத் தட்டுத சோடித் தாளத்துல ஒண்ணை நான் பிடிச்சுக்கிடுதேன். இன்னொண்ணுக்குக் கை இல்ல. நாளையில இருந்து நீரு வாரும்" என்றார்.

தண்டனையா, மன்னிப்பா? ஆவுடையப்பருக்குத் தெரியவில்லை. போனார். கருவறை வாசலில், அந்தக் கட்டுப்போட்ட கைக்குப் பக்கத்தில் தினமும் நிற்பதைவிடக் கடினமான வேலை அவர் செய்ததில்லை. தாளமும் தப்பித் தப்பி விழுந்தது.

"இது பாட்டு வே. பிஸ்டன் இல்ல," என்பார் ஓதுவார்.

மாசி மாதத்தில் ஒரு விடியல். ஓதுவார் பாட, ஆவுடையப்பர் தாளம் சேர்க்க, குருக்கள் பூட்டைத் திறந்தார். உள்ளிருந்து டீசல் மணந்தது.

"யாரது உள்ளே?" என்றார் குருக்கள், தன்னையறியாமல்.

விளக்கைத் தூக்கிப் பிடித்தார். முந்தைய இரவு அவர் சாத்திய பட்டு ஓரமாக மடிந்து கிடந்தது. ஈசன் திருமேனியில் கறை படிந்த அந்தப் பழைய பருத்தித் துணி.

அவர்களை அழைத்து வந்த படகோட்டி அக்கரைக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தூணில் துணி இல்லை.

குருக்கள் அதைக் களைந்து எடுத்துவந்தார். "ஆவுடையப்பா, உனக்குத்தான் பரிவட்டம். குனி."

"வேண்டாம் சாமி. இந்தத் துணியாலதான் ஐயா கை போச்சு."

"அப்ப நானே கட்டுதேன்," என்றார் ஓதுவார். மடங்காத விரல்களால் தடுமாறித் தடுமாறி அதை அவர் தலையில் கட்டினார். ஆவுடையப்பர் வாய்விட்டு அழுதார்.

அன்றே என்ஜின் அவரிடம் திரும்பி வந்தது. சேதி கேட்ட தங்கப்பழம் படகுத்துறையில் ஒரு பொட்டலத்தோடு காத்திருந்தார். பிரித்தால், கண்ணாடிக் கிண்ணம் வைத்த புது ஃபில்டர். தண்ணீரோ தூசியோ தங்கினால் வெளியிலிருந்தே தெரியும்.

"இனி எல்லாருக்கும் தெரியும்லா அண்ணாச்சி," என்றார் தங்கப்பழம்.

பழைய ஃபில்டருக்கு முன்னால் அதையும் பொருத்தி, குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தார் ஆவுடையப்பர். டவுனுக்குப் போய் வலையும் வாங்கினார். விடியலில் தாளத்துக்குப் போவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

தன் பிழையைத் தானே வடித்துக் காட்டிய அந்த எண்ணெய்க் கைகளை வணங்குவோம்.